கூடுவாஞ்சேரி பக்கம் வீடு வாங்கப் போகிறீர்களா?

1. ஞாயிற்றுக்கிழமை பார்த்த கையோடு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, ஷேர் ஆட்டோ பிடித்து, மின்சார ரயிலேறி அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். ‘ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிஷம் சார்’ என்பது புரோக்கரின் கடிகாரம். ஆட்டோ நிரம்பும்வரை காத்திருப்பது அதில் சேராது.

2. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறை போங்கள், புரோக்கர் இல்லாமல். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக்கடையில் விசாரியுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

3. 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவான அடமானம் அதில் தெரிந்துவிடும். பதிவாகாத கைக்கடன் தெரியாது. அதனால் மூலப்பத்திரத்தின் அசலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘ஜெராக்ஸ்தான் இருக்கு’ என்றால் அசல் எங்கோ அடகில் இருக்கலாம்.

4. அடுக்ககமா? யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். நாளை இடித்துக் கட்டினால் மண்ணில் உங்கள் பங்கு அதுதான்.

5. மனை 500 சதுர மீட்டரையும் வீடுகள் எட்டையும் தாண்டிய புதுக் கட்டடம் என்றால் ரெரா பதிவு எண் கேளுங்கள். அது இல்லாமல் விற்கக் கூடாது.

6. சித்திரையில் மாதம் எத்தனை தண்ணீர் லாரி வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். பராமரிப்புத் தொகை எகிறுவது பெரும்பாலும் அதனால்தான்.