கன்னச் சிவப்பும் உளூவும்



கணவனுக்காகவும் பெண்கள் கூடும் இடத்திலும் ஒரு பெண் அலங்கரித்துக் கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. மருதாணியும் சுர்மாவும் நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்து வருபவைதாம். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கல்யாண வீடுகளில் இன்று காண்பதென்ன? லுஹருக்கு முன்பே மணப்பெண்ணுக்கு முகப்பூச்சு முடிந்துவிடுகிறது. பூசியது கலைந்துவிடுமே என்ற அச்சத்தில் அஸ்ரும் மஃரிபும் களாவாகின்றன. கரிசல் காட்டு வெயிலுக்காக, வியர்வைக்குக் கரையாத பூச்சையே கேட்டு வாங்குகிறார்கள். வியர்வைக்குக் கரையாதது உளூவின் தண்ணீருக்கு வழிவிடுமா?

இப்போது பரவியுள்ள கொரியப் பாணிக் கன்னச் சிவப்பு, பழைய பவுடர் போலன்றி, பெரும்பாலும் நீர்மமாகவோ குழைவாகவோ இருக்கும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சுத்தம். கார்மைன் என்னும் சிவப்புச் சாயம், சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுக்கப்படுவது. இச்சாயத் தொழிலுக்காக 1795-லேயே கள்ளிப் பூச்சியை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வந்ததோ வேறு இனம். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்துப்படி செத்த பூச்சி நஜீஸ். ஹனஃபீ மத்ஹபில், ஓடும் இரத்தமில்லாத பூச்சி செத்தாலும் நஜீஸாகாது. ஆனால் உண்ணக் கூடாது. இந்தோனேசிய உலமா சபை 2011-ல் இச்சாயத்தை ஆகுமென்று ஃபத்வா அளித்தது. கருத்து வேற்றுமை உள்ள இடத்தில் பேணுதலே நலம். டப்பாவில் 'சி.ஐ. 75470' என்றிருந்தால் அது கார்மைன், 'சி.ஐ. 77491' என்றிருந்தால் இரும்பு ஆக்ஸைடு, பூச்சியன்று. கிளிசரின் தாவரத்திலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும், விசாரித்து வாங்குங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஸூரா மாயிதாவின் 6-வது வசனம் உளூவில் முகம் கழுவுவதை ஃபர்ளாக்குகிறது. மருதாணியின் நிறம் தோலில் ஊறி நிற்கிறது, தண்ணீரைத் தடுப்பதில்லை. நகப்பூச்சு படலமாக மூடுகிறது, தடுக்கிறது. கன்னச் சிவப்பிலும் இதே அளவுகோல்தான். நிறம் மட்டும் ஊறும் நீர்மச் சாயம் மருதாணியைப் போன்றது. மெழுகும் சிலிக்கோனும் சேர்ந்து படலமாகப் படிவதை உளூவுக்கு முன் அகற்றியே தீர வேண்டும்.

உளூ செய்தபின் சுத்தமான பொருளைப் பூசினால், அந்த உளூ முறியும் வரை தொழலாம். முறிந்தால் பூச்சைக் களைந்து மீண்டும் உளூ செய்ய வேண்டும். பூசிய பொருளே நஜீஸாயின் உளூ இருந்தும் தொழுகை கூடாது.

இத்தொழிலில் இறங்கும் நம்மவர்களுக்கும் இதில் பாடமுண்டு. இந்தோனேசியாவில் 1995-ல் 'வர்தா' என்னும் ஹலால் அழகுப் பொருள் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருள்களையும் ஹலால் சான்றுக்குள் கொண்டு வந்தது. நிறம் எதிலிருந்து, பூச்சு படலமாகுமா என்ற இரண்டையும் செய்முறையிலேயே தீர்த்துவிட்டுப் பிறகு முத்திரைக்குப் போகட்டும். வாங்குவோரும், அந்த முத்திரை பொருளை மட்டும் சோதித்ததா, தண்ணீர் புகுவதையும் சோதித்ததா என்று கேட்கட்டும்.

மணநாள் ஒரு நாள். அன்றைய தொழுகையின் கேள்வியோ மறுமையிலும் உண்டு. கன்னத்தின் சிவப்பு ஸஜ்தாவுக்குத் தடையாகாமல் அல்லாஹ் நம் பெண்மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.