துண்டுத் துணிப் போர்வை

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்திப் பண்ணையில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். குளிர் புகும் மரவீடுகளில் பிள்ளைகளைக் காத்தற்கு, கிழிந்த வேலை உடைகளை இணைத்துப் போர்வை தைப்பது அவ்வூர்ப் பெண்டிர் வழக்கமாயிருந்தது.

அவ்வட்டாரப் பெண்கள் 1966இல் தையற் கூட்டுறவு ஒன்றை நிறுவினர். 1972இல், கார்டுராய் என்னும் தடித்த துணியால் சியர்ஸ் நிறுவனத்திற்குத் தலையணை உறைகள் தைக்கும் பணி அதற்குக் கிடைத்தது. உறைகள் கடைக்குச் சென்றன. வெட்டி எஞ்சிய துண்டுகள் வீட்டிற்கு வந்தன. நிறங்களோ சிலவே. தடித்த துணியாதலின் நுண்ணிய தையலும் எளிதன்று. எனவே பெரிய கட்டங்களாகவும் நீண்ட பட்டைகளாகவும் இணைத்தனர். எத்துணை எடுப்பான தோற்றம்!

2002இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் ஓவியங்கள்போலத் தொங்கின. 2006இல் அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. தைத்தவர்களோ அவற்றைக் குளிருக்கென்றே தைத்திருந்தனர்.