ஆட்டுக்கடா படமும் 8.8 சதவீதமும்: பருவகால ஸ்ட்ரோங் பியர் விற்பனைக்கு முன்னால் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நம் கரையோர ஊர்களில் பியருக்கு விளம்பரப் பலகை கிடையாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடோ அதற்கும் மூத்தது. ஆனாலும் சாய்ந்தமருதில் பதினேழு வயதுப் பொடியன் ஒருவனிடம் ‘ஒக்டோபர்ஃபெஸ்ட்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்தே வைத்திருப்பான். கைப்பேசி ஒரு வழி. ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவு இன்னொரு வழி. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீளும் அறுகம்பைச் சுற்றுலாப் பருவம் மூன்றாவது வழி.

ஜேர்மன் பாணி ஸ்ட்ரோங் பியரை விற்பவர்கள் பெரும்பாலும் போதையைப் பற்றிப் பேசுவதில்லை. கதை பேசுவார்கள். மியூனிக்கின் ‘சல்வாடோர்’ பியர், கிறிஸ்தவத் துறவிகள் தவக்காலத்தில் உணவுக்குப் பதிலாகக் குடித்த ‘திரவ ரொட்டி’ என்ற கதையோடு வருகிறது. அதன் பெயருக்கே மீட்பர் என்று பொருள். ‘பொக்’ எனும் ஸ்ட்ரோங் பியர் வகையின் போத்தல்களில் கொம்புள்ள ஆட்டுக்கடா நிற்கும். ஐயிங்கர் ஆலையின் ‘செலிப்ரேட்டர்’ போத்தல் கழுத்தில் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் ஆடு தொங்கும். ஒன்று கிடைத்தவர் இன்னொன்று சேர்க்கப் பார்ப்பார். ஒஸ்திரியாவின் ‘சமிக்லாவ்ஸ்’ 14 சதவீதம். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், டிசம்பர் 6இல் மட்டும் வடிப்பதாகச் சொல்லியே விற்கிறார்கள். மியூனிக்கின் பியர்த் திருவிழாவான ஒக்டோபர்ஃபெஸ்டின் கூடாரங்களில் அந்நகரின் ஆறு ஆலைகளின் பியருக்கு மட்டுமே இடம். குவளைக்கு ஆண்டுதோறும் புதுப் படம். பக்தி, வீரம், பரிசு, ‘இப்போது விட்டால் அடுத்த வருடம்தான்’ என்ற அவசரம் ஆகிய நான்கும்தான் தூண்டில். மதுசார அளவு லேபலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும்.

செய்ய வேண்டியவை

1. கதையை விட்டு எண்ணைப் பாருங்கள். சல்வாடோரின் மதுசார அளவு 7.9 சதவீதம். நம் நாட்டு லயன் ஸ்ட்ரோங் 8.8 சதவீதம். துறவியும் ஆடும் இல்லாமலேயே நம்மூர்ப் பியர் அதைத் தாண்டிவிட்டது. 4.8 சதவீத சாதாரண லாகரோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2. சாராயக் கணக்கில் சொல்லிக் கொடுங்கள். 8.8 சதவீத பியர் 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 44 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 33.5 சதவீத சாராயத்தில் அதே அளவு வேண்டுமென்றால் ஏறக்குறைய 130 மில்லிலீற்றர், அதாவது இரண்டு பெக்கிற்கும் மேலே, குடிக்க வேண்டும். சாராயம் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும்.

3. ‘அல்கஹால்ஃப்ரை’ (மதுசாரமற்றது) லேபலைத் திருப்பி வாசியுங்கள். ஜேர்மனியில் 0.5 சதவீதம் வரை மதுசாரம் உள்ள பியரையும் அந்தப் பெயரில் விற்கலாம். முழுவதும் மதுசாரமற்றது என்றால் 0.0 என்று எழுதியிருக்கும். மச்சான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ‘இது ஹலால்தான்’ என்று கொண்டுவரும் மோல்ட் பானத்துக்கும் இதே சோதனை வேண்டும். சந்தேகமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் லேபலையே காட்டிக் கேளுங்கள்.

4. விளம்பரத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். டிக்டொக்கில் ஒரு காணொளி வந்தால் அதட்டி அணைக்க வேண்டாம். ‘இதில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள்? மறுநாள் காலையை ஏன் காட்டவில்லை? சதவீதம் எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேளுங்கள். விற்கும் வித்தை புரிந்த பிள்ளையிடம் பாதித் தூண்டில் பலிக்காது.

5. சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மதுசாரம் விற்பது குற்றம். விளம்பரமும் அனுசரணையும் தடை. விளையாட்டுக் கழக நிர்வாகிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு ஜேர்சி தர யாராவது முன்வந்தால், அதில் எந்தச் சின்னம் அச்சாகும் என்று முதலில் கேளுங்கள்.

6. அறுகம்பைக்கு வேலைக்குப் போகும் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுங்கள். பருவத்தில் நம் இளைஞர்கள் அங்கே சமையலறை, அறைப் பராமரிப்பு, முச்சக்கரவண்டி என்று உழைக்கிறார்கள். குடிப்பவரோடு விற்பவரையும் சுமப்பவரையும் கணக்கில் எடுக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே பார் வேலை வந்தால் என்ன சொல்வது, வேறு பிரிவு கேட்பது எப்படி என்பதை வேலைக்குச் சேரும் முன் வாப்பாவும் மகனும் பேசித் தீர்க்க வேண்டும்.

7. ஒக்டோபர் 3ஐப் பயன்படுத்துங்கள். உலக மதுஒழிப்பு தினமான அன்று இலங்கையில் மதுபானக் கடைகளுக்குப் பூட்டு. ஒக்டோபர்ஃபெஸ்ட் நாட்காட்டி எப்படி விழுந்தாலும் அந்தத் தேதி திருவிழாவுக்குள்தான் வரும். பாடசாலைக் காலைக்கூட்டத்துக்கும் அந்த வார ஜும்ஆ குத்பாவுக்கும் இதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது.

செய்யக்கூடாதவை

1. ‘பியர்தானே’ என்று சொல்லாதீர்கள். பாதுகாப்பான மதுசார அளவு என்று ஒன்றும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1988இலேயே மதுபானங்களை முதலாம் வகைப் புற்றுநோய்க் காரணியாகச் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியலில் பியருக்குச் சலுகை இல்லை.

2. நோன்புக் கதையில் மயங்காதீர்கள். ‘அவர்கள் நோன்பிலும் குடித்தார்களாம்’ என்பது இன்று ஒரு விற்பனை வாசகம். மார்ச் மாத ஸ்ட்ரோங் பியர்க் காலத்தை மியூனிக்காரர் ‘ஐந்தாம் பருவம்’ என்பார்கள். மடம் தொடங்கியதை இன்று நடத்துவது கம்பனி. அதற்காகக் கிறிஸ்தவ அயலவரின் தவக்காலத்தைக் கேலி செய்வதும் கூடாது.

3. ஷோகேஸில் வைக்காதீர்கள். பரிசாக வந்த ஒரு லீற்றர்க் குவளை, பிளாஸ்டிக் ஆடு, ஆலைச் சின்னம் போட்ட டீசேர்ட் எல்லாம் சம்பளம் வாங்காத விளம்பரப் பலகைகள். அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான் அவற்றைச் செய்தே இருக்கிறார்கள்.

4. கண்டிப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள். ‘பாருங்கள் இந்த அநியாயத்தை’ என்று பியர் விருந்து அறிவிப்பின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், திகதியும் இடமும் விலையும் நூறு வீட்டுக்குப் போய்ச் சேரும். படத்தைப் பரப்பாமல் மதுவரித் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

5. இனப் பிரச்சினை ஆக்காதீர்கள். ‘அந்தப் பக்கத்துக் கடையால் கெட்டான்’ என்று அயல் தமிழ் ஊர்களான பாண்டிருப்பையும் காரைதீவையும் கைகாட்டுவது சுலபம். குடியால் அழியும் குடும்பம் அங்கேயும் உண்டு. கடை வேண்டாம் என்று சொல்லும் தாய்மார் அங்கேயும் உண்டு. அவர்களோடு சேர்ந்து பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் மகஜர்தான் கனமாக இருக்கும்.

6. குடித்தவனைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். காணொளி எடுப்பது, ஊர் நடுவில் நிறுத்துவது, பள்ளிவாசலில் பெயர் சொல்வது எல்லாம் அவனை இன்னும் மறைவான இடத்துக்கே துரத்தும். நாட்பட்ட குடிகாரரைத் திடீரென நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைப்பதும் ஆபத்து, வலிப்பு வரக்கூடும். கல்முனையிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஓர் உறவினர் துணையோடு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

7. ‘நம் ஊரில் இல்லை’ என்று சாதிக்காதீர்கள். கடை இல்லாத ஊரில் குடி இருக்காது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இல்லை என்று சொல்லும் வீட்டில் பிள்ளை கேள்வி கேட்கத் தயங்குவான். கேட்காத கேள்விக்குக் கைப்பேசி பதில் சொல்லிவிடும்.

விற்பவர்களிடம் நல்ல கதைகள் இருக்கின்றன, காலத்துக்கு ஒன்றாக. வெறும் ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளையின் காதில் அவர்கள் கதைதான் தங்கும். சட்டத்தையும் சதவீதக் கணக்கையும் அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.