செரோட்டோனின் ஏற்பிகள்: மூளைப் படம் சொல்வதும் சொல்லாததும்

மாணவர்களே, மனச்சோர்வு என்றால் மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூளையை ஸ்கேன் செய்தால் அது தெரிந்துவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். இவை உண்மைதானா? இந்த வாரம் அதைப் பார்ப்போம். சிறிது கணக்கும் போட வேண்டியிருக்கும்.

செரோட்டோனின் எங்கே இருக்கிறது?

1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மோரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் இரத்தத் தெளிநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்தது. இரத்தத் தெளிநீருக்கு 'சீரம்' என்று பெயர். செரோட்டோனின் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. இப்பொருள் மூளையிலும் இருப்பதை 1953இல் பெட்டி துவாரோக்கும் பேஜும் காட்டினார்கள்.

நம் உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது சிறு பங்கே. அதை உண்டாக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் உள்ள ராஃபே என்னும் பகுதியில் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவியுள்ளன.

ஏற்பி என்றால் என்ன?

ஒரு நரம்பணு வெளியிடும் செரோட்டோனின், சிறிய இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பணுவை அடைகிறது. அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்தில் அது பொருந்தினால்தான் செய்தி போய்ச் சேரும். செரோட்டோனினுக்கு 7 ஏற்பிக் குடும்பங்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது 14 வகைகள் அறியப்பட்டுள்ளன.

மனச்சோர்வு ஆய்வில் அதிகம் பேசப்படுவது 5-எச்.டி.1ஏ என்னும் வகை. இது ஹிப்போகாம்பஸ் போன்ற பகுதிகளில் செய்தியைப் பெறுகிறது. ராஃபே நரம்பணுக்களின் மீதும் இதே ஏற்பி இருக்கிறது. அங்கே இதன் வேலை பிரேக் போடுவது. செரோட்டோனின் கூடினால், 'இனி வெளியிடாதே' என்று அந்த நரம்பணுவையே அடக்கும்.

மனச்சோர்வுக்குத் தரப்படும் ஒருவகை மருந்துகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைக் கூட்டத் தொடங்குகின்றன. ஆனால், மனநிலை தேறச் சில வாரங்கள் ஆகின்றன. இந்தப் பிரேக் மெல்ல மெல்லத்தான் தளர்கிறது என்பது அதற்கு ஒரு விளக்கம்.

ஏற்பியை எப்படிப் பார்ப்பது?

இதற்குப் பெட் ஸ்கேன் உதவுகிறது. 5-எச்.டி.1ஏ ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் வே-100635 என்ற பொருளில் கார்பன்-11 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைச் சேர்க்கிறார்கள். மிகச் சிறிய அளவை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். கார்பன்-11 சிதையும்போது பாசிட்ரான் வெளிவரும். அது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். தலையைச் சுற்றியுள்ள கருவிகள் அவற்றைப் பதிவு செய்ய, எந்த இடத்திலிருந்து வந்தன என்பதைக் கணினி கணக்கிடும்.

கார்பன்-11இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால், ஸ்கேன் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே அதைத் தயாரிக்க வேண்டும்.

முடிவுகள் ஏன் முரண்பட்டன?

1999இல் பிட்ஸ்பர்க்கில் வேய்ன் டிரெவெட்ஸ் குழுவும், 2000இல் லண்டனில் பீட்டர் சார்ஜென்ட் குழுவும், மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த ஏற்பியில் ஒட்டும் அளவு குறைவு என்று கண்டன. 2006இல் நியூயார்க்கில் ராமின் பார்சி குழு, மருந்தே எடுத்திராதவர்களிடம் அது அதிகம் என்று கண்டது. பயன்படுத்திய பொருளும் ஏற்பியும் ஒன்றே. ஆனால், முடிவு எதிர்மாறாக வந்தது.

கலந்துகொண்டவர்கள் வேறு, அவர்கள் முன்பு எடுத்த மருந்துகள் வேறு என்பது ஒரு காரணம். கணக்கிடும் முறை இன்னொரு காரணம். ஸ்கேன் கருவி, ஏற்பியில் ஒட்டியதையும் சும்மா மிதப்பதையும் சேர்த்தே அளக்கிறது. கூடையோடு நிறுத்த காய்கறியிலிருந்து வெறுங்கூடையின் எடையைக் கழிப்பதுபோல, மிதப்பதைக் கழிக்க வேண்டும். இந்த ஏற்பி மிகக் குறைவாக உள்ள சிறுமூளையைத்தான் பலர் 'வெறுங்கூடை'யாகக் கொள்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 'அ' என்பவருக்கு ஹிப்போகாம்பஸில் 60, சிறுமூளையில் 10. 'ஆ' என்பவருக்கு 66, 12. கழித்தால் அ 50, ஆ 54. ஆவுக்கு அதிகம். கழித்ததைச் சிறுமூளை அளவால் வகுத்தால் அ 5, ஆ 4.5. இப்போது ஆவுக்குக் குறைவு! ஆய்வுகளில் இவ்விரு முறைகளுமே பயன்படுகின்றன. ஆகவே, மூளைப் படம் கைப்பேசியில் எடுத்த புகைப்படம் போன்றதன்று. அது ஒரு கணக்கின் விடை.

நாம் தெரிந்துகொள்வது

2022இல் லண்டனின் ஜொவானா மான்கிரீஃப் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதே ஆண்டு லண்டனின் டேவிட் எரிட்ஸோ குழு, மனச்சோர்வு உள்ளவர்களின் மூளை செரோட்டோனினைக் குறைவாகவே வெளியிடுவதைப் பெட் ஸ்கேனில் கண்டது. அதில் பங்கேற்றவர்கள் 40 பேருக்கும் குறைவு. விவாதம் இன்னும் முடியவில்லை.

காரணம் முழுதாகப் புரியவில்லை என்பதால் நோய் பொய் ஆகிவிடாது. இன்று எந்த ஸ்கேனும் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தனியாகச் சொல்வதில்லை. மருத்துவர் பேசிப் பார்த்தே அறிகிறார். உங்களுக்கோ நண்பருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் மாறினால், பிடித்தவற்றிலும் ஆர்வம் போனால், பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

செய்து பாருங்கள்

1. கார்பன்-11 தொடக்கத்தில் 800 அலகு இருந்தால், 80 நிமிடத்தில் எவ்வளவு மிஞ்சும்?
2. 'ஆ'வின் சிறுமூளை அளவு 12க்குப் பதில் 11 என்றால், வகுத்து வரும் விடை என்ன? அதை 'அ'வின் விடையோடு ஒப்பிடுங்கள்.

விடைகள்: 1) 50 அலகு. 2) 5. இருவருக்கும் ஒரே விடை. ஓர் அலகு மாறியதும் வேறுபாடே மறைந்துவிட்டது.