வஜீர்ச் சந்தையில் தொடங்கிய அமைதிப் பணி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

'அமைதி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை ஜெனீவா மாநாடுகளும், வெண்புறாக்களும், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் தலைவர்களும்தாம். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள வஜீர் என்னும் ஊரில், பால் விற்கும் பெண்களும் பள்ளிக்கூடத்துப் பெண்களும் சேர்ந்து அமைதிப் பணி ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் யார், எவ்வாறு தொடங்கினர், அவர்களால் இயன்றது எது, இயலாமற்போனது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

வஜீர் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 56,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம். ஆண்டு மழையோ ஏறத்தாழ 250 மில்லிமீட்டர்தான். எனவே உழவுக்கு அங்கே இடமில்லை. ஒட்டகம், மாடு, ஆடு மேய்த்துக்கொண்டு நீர் உள்ள இடம் தேடிச் செல்வதே வாழ்க்கை. மக்களுள் மிகப் பெரும்பாலோர் சோமாலி மொழி பேசும் முஸ்லிம்கள். டெகோடியா, அஜுரான், ஒகாடேன் என்பவை அவர்களுள் பெரிய குலங்கள். வஜீர் நகரில் ஆழமில்லாத கிணறுகள் பல உள்ளன. பல குலத்தாரும் நீர் தேடிக் கூடிய இடமாதலால், 'ஒன்று கூடல்' என்ற பொருளில் அவ்வூர்ப் பெயர் அமைந்தது என்பர்.

1963இல் கென்யா விடுதலை பெற்றபோது வடகிழக்குச் சோமாலியர்களுள் பலர் சோமாலியாவுடன் இணைய விரும்பினர். அதனால் மூண்ட போர் 1967 வரை நீடித்தது. போர் ஓய்ந்தும் நெருக்கடி நிலைச் சட்டம் ஓயவில்லை. 1991 வரை அம்மக்கள் அதன் கீழேயே வாழ்ந்தனர்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1984 பிப்ரவரியில் அரசுப் பாதுகாப்புப் படையினர் டெகோடியா ஆண்களைத் திரட்டி, வகல்லா என்னும் இடத்திலிருந்த விமான ஓடுதளத்தில் நாட்கணக்கில் வெயிலில் அடைத்துவைத்தனர். பலரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர் 57 பேர் என்றே அரசு நெடுங்காலம் கூறி வந்தது. 2013இல் வெளிவந்த உண்மை அறியும் ஆணையத்தின் அறிக்கையோ, அத்தொகை ஆயிரத்தை நெருங்கும் என்றது. அப்போது வஜீரில் அன்னலேனா தொனெல்லி என்ற இத்தாலியப் பெண்மணி நாடோடி மக்களின் காசநோயைத் தீர்க்கும் பணியில் இருந்தார். ஓரிடத்தில் தங்காத மக்களை மருந்து முடியும் வரை தங்கவைப்பதற்காகக் குடிசைக் குடியிருப்பு ஒன்றையே அமைத்தவர் அவர். காயமுற்றோரைத் தேடிச் சென்று காப்பாற்றியதோடு, நடந்ததை வெளியுலகுக்கும் தெரிவித்தார். மறு ஆண்டே நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 2003இல் சோமாலிலாந்தில் தாம் நடத்திய மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமைதிப் பணி செய்தோர் வரிசையில் அவர் பெயர் வருவதில்லை. வரவேண்டும் என்பது என் கருத்து.

கட்டிலுக்கு அடியில் இரு தலைமுறைகள்

1991 ஜனவரியில் அண்டை நாடான சோமாலியாவின் அரசு கவிழ்ந்தது. அகதிகள் வந்தனர், அவர்களோடு துப்பாக்கிகளும் வந்தன. கடும் வறட்சியில் கால்நடைகள் மடிந்தன. 1992 டிசம்பரில் பலகட்சித் தேர்தல் வேறு வந்து சேர்ந்தது. சட்டமன்ற இடம் எந்தக் குலத்துக்கு என்ற பகையும், தண்ணீர் யாருக்கு என்ற பகையும் ஒன்றாயின. கொலையும் கொள்ளையும் அன்றாடச் செய்திகளாயின.

இந்நிலையில்தான் டெக்கா இப்ராகிம் அப்தி என்ற இளம் பெண்ணைக் காண்கிறோம். 1964இல் வஜீரில் பிறந்தவர், ஆசிரியை. ஓர் இரவு வீட்டருகே துப்பாக்கிச் சண்டை மூண்டபோது, தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பல மணி நேரம் ஒளிந்திருந்தார். விடிந்ததும் அவருடைய தாயார் வந்தார். 1966இல், முந்தைய போரின்போது, டெக்காவைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு தாமும் இப்படியே கட்டிலுக்கு அடியில் கிடந்ததை அவர் நினைவுகூர்ந்தார். தம் மகளும் வளர்ந்து அதே கட்டிலுக்கு அடியில்தான் படுக்க வேண்டுமா என்ற கேள்வி டெக்காவை விடவில்லை.

போரிடும் குலங்களைச் சேர்ந்த பெண்கள் அந்நாளிலும் திருமண வீடுகளில் ஒன்றாக அமர்ந்து உண்டனர். அப்படி ஒரு திருமணத்துக்குப் பிறகே, கலியாணத்தில் கூட முடிந்த நம்மால் மற்ற நாட்களில் ஏன் கூட முடியவில்லை என்ற பேச்சு எழுந்தது. 1993இல் சில பெண்கள் கூடினர். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை போரை நிறுத்துவதன்று. சந்தையைச் சீர் செய்வது!

ஏன் சந்தை? அங்கே ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்துப் பெண்ணிடம் பால் வாங்க மறுத்தாள். சில இடங்களில் உள்ளே நுழையவே விடவில்லை. என் தாயார் வாரச் சந்தையில் காய்கறி விற்பவர். கொண்டுபோன கூடை அப்படியே திரும்பி வந்தால் அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆதலால் அப்பெண்களின் தொடக்கம் எவ்வளவு கூரிய அறிவு என்பதை எந்த நூலின் துணையுமின்றி என்னால் உணர முடிகிறது. எந்தக் குலத்துப் பெண்ணும் அச்சமின்றி வந்து விற்கலாம், வாங்கலாம் என்று விதி செய்தனர். அதைக் கவனிக்கப் பல குலத்துப் பெண்களையும் கொண்ட குழு ஒன்றைச் சந்தையிலேயே நிறுத்தினர். வசைச் சொல் எழுந்தாலும், பொருள் பறிபோனாலும், அக்குழு அங்கேயே விசாரித்துத் தீர்த்தது. விரைவில் சந்தை அமைதியாயிற்று.

பெரியோர் அவையில்

சந்தைக்கு வெளியே பூசல் தொடர்ந்தது. அதைத் தீர்க்கும் உரிமை குலப் பெரியோர்க்கே உண்டு. அவர்கள் அவையிலோ பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் அந்த மரபோடு நேருக்கு நேர் மோதவில்லை. எல்லாவற்றிலும் சிறிய குலத்தைச் சேர்ந்த பெரியோரை அணுகி, மற்றவர்களைக் கூட்டித் தருமாறு வேண்டினர். சிறிய குலத்தால் எவருக்கும் ஆபத்தில்லை. ஆகவே எல்லோரும் அவர் பேச்சுக்குச் செவி கொடுத்தனர். பல கூட்டங்களுக்குப் பின் 1993 செப்டம்பரில் 'அல் ஃபத்தா உடன்பாடு' உருவாயிற்று. கொலைக்கும் திருட்டுக்கும் பழிவாங்குதலை விடுத்து, மரபுப்படி ஈடு செலுத்துவதென்று முடிவாயிற்று.

சோமாலி மரபில் இந்த ஈட்டைக் கொன்றவன் மட்டும் கொடுப்பதில்லை. அவனைச் சேர்ந்தோர் அனைவரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் வகுப்பில் அணுக்கருப் பிளவைப் படிக்கிறோம். ஒரு பிளவில் வெளிப்படும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் மேலும் பல பிளவுகளை உண்டாக்கும். காட்மியத் தண்டு அவற்றை விழுங்கிக்கொண்டால் தொடர்வினை அடங்கும். பழிக்குப் பழியும் இத்தகையதே. ஒரு கொலைக்கு ஈடாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒட்டகம் போகுமானால், துப்பாக்கி எடுக்கும் இளைஞனை அவன் சிற்றப்பனே தடுப்பான். ஆனால் ஒன்று. ஆண் உயிருக்கு 100 ஒட்டகம், பெண் உயிருக்கு 50 என்பதே அம்மரபு. அமைதியைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்கள். அவ்வமைதியின் கணக்கேட்டில் அவர்கள் பாதி! இதை எளிதில் விழுங்க என்னால் முடியவில்லை.

பின்னர் இளைஞர்களும் சமயப் பெரியோரும் தனித்தனிக் குழுக்களாகச் சேர்ந்தனர். துப்பாக்கியைக் கீழே வைப்பவனுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று வணிகர்கள் பணம் திரட்டினர். கால்நடைத் திருட்டோ கொலையோ நடந்த செய்தி வந்தவுடன், பெரியோர், பெண்கள், அலுவலர்கள் அடங்கிய விரைவுக் குழு அவ்விடத்துக்கே செல்லும். பழி பிறப்பதற்குள் பேச்சு பிறந்துவிட வேண்டும் என்பது கணக்கு. 1995இல் இவையனைத்தும் 'வஜீர் அமைதி, வளர்ச்சிக் குழு' என்ற பெயரில் மாவட்ட நிருவாகத்தின் ஓர் உறுப்பாக இணைக்கப்பட்டன.

இந்த இணைப்பு நன்மையா, தீமையா? அரசு ஊர்தியும் காவலரும் உடன் வந்தால் குழுவின் சொல்லுக்கு வலிமை கூடும். ஆயினும் 1984இல் கொன்றதும் அரசுதானே? குலத்துக்கும் குலத்துக்கும் இடையே நடந்த கொலைக்கு ஒட்டகக் கணக்கு உண்டு. அரசு செய்த கொலைக்கு அக்கணக்கு கிடையாது. 2015 மார்ச்சில்தான் குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா, கடந்தகால அநீதிகள் அனைத்துக்கும் சேர்த்து நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். வகல்லாவில் கணவரை இழந்த பெண்களோடு சேர்ந்துதான் அமைதிக் குழுவினர் அதே அரசு அலுவலர்களை எதிரே வைத்துப் பேசவேண்டியிருந்தது. அதை அவர்கள் செய்தனர் என்பதையே அவர்களுடைய மிகக் கடினமான செயலாக நான் கருதுகிறேன்.

வஜீருக்கு அப்பால்

வஜீர் முறை பிற வறண்ட மாவட்டங்களுக்கும் பரவியது. டெக்கா பல நாடுகளுக்குச் சென்று பயிற்சி அளித்தார். 2007இல் ஸ்வீடன் நாட்டின் 'வாழ்வுரிமை விருது' அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், தேர்தல் முடிவையொட்டிக் கென்யா முழுவதும் கலவரம் மூண்டது. மாண்டவர் 1,133 பேர் என்று விசாரணை ஆணையம் பின்னர்க் கணக்கிட்டது. அப்போது தூதராகவும் படைத்தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்களோடு டெக்காவும் சேர்ந்து, ஐவராக, 'அமைதியில் அக்கறை கொண்ட குடிமக்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நைரோபியில் ஓர் ஓட்டலில் காலைதோறும் கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம். 2008 பிப்ரவரி 28ஆம் நாள், கோபி அன்னான் முன்னிலையில் இரு தலைவர்களும் உடன்பாடு கண்டனர். அதன் பிறகு அமைதிக் குழுக்களை நாடெங்கும் அமைப்பதென முடிவு செய்யப்பட்டது.

டெக்கா இப்ராகிம் அப்தி 2011 ஜூலையில் சாலை விபத்தில் படுகாயமுற்று, சில நாட்களில் நைரோபியில் காலமானார். அவருடைய கணவரும் அதே விபத்தில் உயிரிழந்தார்.