பழைய கன்டெய்னரில் மரம் உலர்த்தலாமா?

கழித்துவிட்ட கன்டெய்னரை வாங்கி மரம் உலர்த்தும் அறையாக மாற்றலாம். ஆனால் முதலைப் போடுமுன் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

1. பெட்டி: சாதாரண இரும்புப் பெட்டியில் சூடு வெளியேறிவிடும்; சுவரில் நீர் வியர்க்கும். குளிர்பதனக் கன்டெய்னரின் சுவரிலேயே வெப்பக் காப்பு இருப்பதால் எரிபொருள் மிச்சமாகும்.

2. அடுக்குதல்: பலகைகளுக்கு இடையே சுமார் 25 மி.மீ. கனமுள்ள குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று நேராக வைக்க வேண்டும். விசிறிக் காற்று அடுக்கினூடே ஓட வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும்.

3. சூடு: படிப்படியாகவே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே வெடிப்பு விழும். பலகை விலைக்கு வாங்கிய சரக்கை விறகு விலைக்குத் தள்ள நேரும்.

4. ஈரக் கணக்கு: 500 கிராம் துண்டு, எடை மேலும் குறையாத அளவுக்குக் காய்ந்தபின் 400 கிராம் நின்றால், குறைந்த 100ஐ 400ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 25 சதவீதம். மேசை, நாற்காலிக்கு இது அதிகம்.

5. ஏற்றுமதிப் பெட்டி: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருப்பது சர்வதேச விதி. அங்கீகாரம் பெற்ற கூடத்தின் முத்திரையும் வேண்டும். சொந்த அறை இருப்பதாலேயே சரக்கு துறைமுகம் தாண்டிவிடாது.