நீர்ப்பறவைக் குஞ்சுகளின் வளர்ச்சியை நிழற்படத்தில் பதிவு செய்தல்

மும்பையிலிருந்து புனேக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர் தளேகாவ். மராத்தி மொழியில் 'தளே' என்பது குளத்தைக் குறிக்கும். பெயருக்கேற்ப இவ்வூரில் ஏரியும் உண்டு. தென்மேற்குப் பருவமழையால் இவ்வட்டாரத்து நீர்நிலைகள் நிரம்பி, கோரையும் நீர்ப்பூண்டும் தழைக்கும் காலமே முக்குளிப்பான் போன்ற நீர்ப்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமாகும். குஞ்சுகள் பெற்றோருடன் வளர்வதைப் படமெடுப்பது களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஏற்ற பயிற்சி. ஆயினும் முறை தவறினால் படம் கிட்டும், குஞ்சு பிழைக்காது.

முக்குளிப்பானின் குடும்பம்

முக்குளிப்பான் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு பறவை. நீர்ப்பூண்டுகளைக் குவித்து மிதக்கும் கூடு அமைக்கும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, சுமார் 20 நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. குஞ்சின் உடலில் வெளிறிய வரிகள் காணப்படும். பொரித்த சிறிது காலத்திலேயே நீந்த வல்லதாயினும், முதல் நாட்களில் அது பெரும்பாலும் பெற்றோரின் முதுகிலேறி, இறகுகளுக்கிடையே வெதுவெதுப்பாக இருக்கும். இருவரும் நீர்ப்பூச்சிகளையும், பின்னர் சிறு மீன்களையும் ஊட்டுவர். பறக்கும் ஆற்றல் பெற ஆறு, ஏழு வாரங்கள் ஆகும்.

நெருங்குவதால் விளையும் தீங்கு

கூட்டைவிட்டு நீங்கும் பறவை முட்டைகளை ஈரப்பூண்டால் மூடிச் செல்வது வழக்கம். மனிதர் திடீரென நெருங்கினால் அதற்கு அவகாசம் இராது. மூடப்படாத முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் இலக்காகும். குஞ்சுகளைச் சுமக்கும் பறவை அஞ்சி மூழ்கினால், குஞ்சுகள் குளிர்ந்த நீரில் சிதறக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணையிலுள்ள பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைத்தலை வேட்டையாடுதல் என்றே கொள்கிறது.

படமெடுக்கும் முறை

கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு காலையில் அமர்தல் வேண்டும். 400 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட குவியத்தொலைவுடைய வில்லை நலம். காமிராவை நீர்மட்டத்திற்கு அருகே தாழ்த்தி வைத்தால் முதுகின்மேல் இருக்கும் குஞ்சு தெளிவாகப் புலப்படும். விரைந்து நீந்தும் பறவைக்கு நொடியில் 1/1000 பங்கு நேரம் போதும். கூட்டை மறைக்கும் கோரையை வெட்டுதல், கல்லெறிந்து பறவையை வெளிப்படுத்துதல், ஒலிப்பதிவால் அழைத்தல் ஆகியவை அறவே கூடா. பறவை அடிக்கடி மூழ்கினாலோ, ஊட்டுவதை நிறுத்தினாலோ உடனே பின்வாங்க வேண்டும்.

படவரிசையின் பயன்

ஒரு படம் அழகுப் பொருள்; நாள் குறித்த படவரிசையோ சான்று. வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வேளையில் படமெடுத்தல் வேண்டும். தாயும் குஞ்சும் காமிராவிலிருந்து சம தொலைவில் அருகருகே உள்ள படத்தில் இரண்டின் நீளத்தையும் அளந்து ஒப்பிட்டால், குஞ்சின் வளர்ச்சி விகிதம் புலனாகும். குஞ்சுகளை மும்முறை எண்ணி, மிகுதியான எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். கோரைக்குள் மறைந்தவை விடுபடக்கூடும். எண்ணிக்கை குறைந்தால் குறைவை மட்டுமே எழுதுக. கண்ணால் காணாத காரணத்தை எழுதலாகாது.

பிற இனங்களோடு ஒப்பீடு

புள்ளிமூக்கு வாத்தின் குஞ்சுகள் தாயைப் பின்தொடர்ந்தாலும் இரையைத் தாமே தேடும். இலைக்கோழி இனத்தில் பெண்பறவை முட்டையிட்டு நீங்க, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். தாழைக்கோழியில் முன்னீட்டுக் குஞ்சுகள் பின்னீட்டுக் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதும் உண்டு. ஆதலால் குஞ்சுடன் காணும் பறவையைத் 'தாய்' என்று உடனே எழுதுவது பிழையாகலாம்.

மாணவர் தம் ஊர்க் குளத்திலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். காமிரா இல்லையெனில் நாள், வேளை, குஞ்சுகளின் எண்ணிக்கை, ஊட்டிய பறவை எது என நான்கு பத்திகளுடைய குறிப்பேடே போதும். ஏழு வாரங்கள் இடைவிடாது எழுதப்பட்ட குறிப்பேடு, அக்குளம் எத்தனை குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது என்பதைத் தெரிவிக்கும்.